பெல்லட் கிரில் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

பெல்லட் கிரில் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரித்து இறைச்சி சமைக்கும், மின்சாரத்தில் இயங்கும் அடுப்பு. அது தகராறு செய்தவுடன் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது கன்ட்ரோலரில். திரையும் பொத்தானும் அதில்தானே இருக்கின்றன! ஆனால் கன்ட்ரோலர் கெட்டுப்போவது அபூர்வம். ஈரம் பட்ட பெல்லட், அள்ளாமல் விட்ட சாம்பல், அடைபட்ட காற்று வழி இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் செலவே இல்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, பாகம் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஹாப்பர் என்ற சேமிப்புப் பெட்டியில் கொட்டிய பெல்லட்டை ஆகர் என்ற திருகுத் தண்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய்த் தீக்கிண்ணத்தில் போடும். கிண்ணத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இக்னைட்டர் பழுத்துச் சிவந்து பெல்லட்டைப் பற்றவைக்கும். ஃபேன் கிண்ணத்தின் துளைகள் வழியே காற்றை ஊதும். பெட்டிக்குள் இருக்கும் சென்சார் வெப்பத்தைச் சொல்ல, கன்ட்ரோலர் அதைக் கேட்டு ஆகரை ஓட்டும், நிறுத்தும். பெல்லட், சூடு, காற்று, அளவு என்று நான்கு வேலை. எந்த வேலை நின்றுபோனது என்று தெரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால்: திறந்து வைத்து ஒரு சோதனை

கிரில் முழுக்க ஆறியபின் பிளக்கைப் பிடுங்குங்கள். கம்பி வலை, கொழுப்பு வடியும் தட்டு, அதற்கடியில் உள்ள வெப்பத் தகடு மூன்றையும் வெளியே எடுங்கள். தீக்கிண்ணத்தில் உள்ள சாம்பலையும் எரியாத பெல்லட்டையும் அள்ளி எறியுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கிண்ணத்துக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

நல்ல நிலையில் உள்ள கிரில்லில் ஃபேன் உடனே சுற்றும். சில விநாடிகளில் ஆகர் திரும்பும். ஆகர் குழாயில் ஏற்கெனவே பெல்லட் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் கிண்ணத்தில் விழ ஆரம்பிக்கும். குழாய் காலியாக இருந்தால் ஐந்து முதல் ஏழு நிமிடம்கூட ஆகலாம், அதைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். இக்னைட்டர் முனை இரண்டு மூன்று நிமிடத்தில் சிவக்கும். வெள்ளைப் புகை கிளம்பி, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் சுடர் பிடித்து, அடுப்பூதுவதைப்போல 'புஸ்' என்று சீரான சத்தம் கேட்கும். இந்த வரிசையில் எது நடக்கவில்லையோ, கீழே அந்த அறிகுறிக்குப் போங்கள்.

சுவிட்சைப் போட்டும் அசைவே இல்லை

சுவர் பிளக்கில் வேறொரு கருவியை மாட்டி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்தது ஃபியூஸ். பல கிரில்களில் கன்ட்ரோலரின் பின்பக்கம் ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். நான்கு திருகைக் கழற்றினால் கன்ட்ரோலர் வெளியே வந்துவிடும். ஃபியூஸுக்குள் உள்ள கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். கூடுதல் ஆம்பியர் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் கன்ட்ரோலர் எரியும். புதிய ஃபியூஸும் உடனே போனால், மின்சாரம் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று பொருள். பெரும்பாலும் இக்னைட்டர்தான்.

சிறிது நேரத்தில் வீட்டு மெயினே ட்ரிப் ஆகிறது

கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். கன்ட்ரோலரின் பின்னால் இக்னைட்டரின் இரண்டு வயர்களை மட்டும் கழற்றிவிட்டு, முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது ட்ரிப் ஆகவில்லை என்றால் குற்றவாளி இக்னைட்டர். அதன் உறைக்குள் ஈரம் ஏறியிருக்கும் அல்லது உள்கம்பி உறையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னமும் ட்ரிப் ஆனால் ஃபேன், ஆகர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறை வயரைத் தொடும் முன்னும் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

மழையில் நனைந்த கிரில் என்றால் இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பல நேரம் காய்ந்ததும் தானே சரியாகிவிடும்.

ஃபேன் ஓடுகிறது, பெல்லட் மட்டும் விழவில்லை

இந்த வகைக் கிரில்லில் வரும் தொல்லைகளில் மிகவும் கைபிடித்து வேலை வாங்குவது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஹாப்பருக்குள் எட்டிப் பாருங்கள். மேலே பெல்லட் நிறைந்திருக்கும், அடியில் ஆகரின் மேல் ஒரு பொந்து விழுந்து காலியாக இருக்கும். பக்கவாட்டுப் பெல்லட் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளைவுபோல நின்றுவிடுவதால் வருவது இது. நீளமான பெல்லட்டும் தூளும் கலந்திருந்தால் அதிகம் வரும். கிரில்லை அணைத்துவிட்டு ஒரு கட்டையால் குத்திவிட்டால் போதும். நீண்ட நேரச் சமையலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டையால் கிளறிவிடுவது நல்ல பழக்கம். ஆகர் ஓடும்போது கையை மட்டும் விடவே கூடாது.

பொந்து இல்லையென்றால் ஆகர் மோட்டாரைப் பாருங்கள். ஹாப்பருக்கு அடியில் உள்ள தகட்டைத் திறந்தால் தெரியும். ஏசி மின்சாரத்தில் ஓடும் வழக்கமான மோட்டார்களின் பின்புறம் அதைக் குளிர்விக்க ஒரு குட்டி விசிறி இருக்கும். அந்த விசிறியே உங்கள் நோயறியும் கருவி:

குட்டி விசிறி வேகமாகச் சுற்றுகிறது, ஆகர் திரும்பவில்லை: ஒன்று மோட்டாரையும் ஆகரையும் இணைக்கும் ஷியர் பின் அறுந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் கியர் பல் தேய்ந்திருக்கிறது.

குட்டி விசிறி முனகுகிறது, துடிக்கிறது, ஆனால் சுற்றவில்லை: ஆகர் இறுகிப்போயிருக்கிறது. மோட்டார் நல்லதுதான், ஆகரைத் திருப்பத்தான் அதற்கு முடியவில்லை.

குட்டி விசிறியில் சத்தமும் இல்லை, அசைவும் இல்லை: மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் சுருள் எரிந்துவிட்டது. மோட்டாரின் வயர் முனையில் மல்டிமீட்டர் வைத்து ஸ்டார்ட் நேரத்தில் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மோட்டாரை மாற்ற வேண்டும். வராவிட்டால் கன்ட்ரோலர். (இப்போதுதான் முதன்முதலாகக் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள்.)

மாறும் வேகத்தில் ஓடும் டிசி மோட்டார் உள்ள புதிய வகைகளில் இந்தக் குட்டி விசிறி இருக்காது. ஆகர் முனை திரும்புகிறதா என்பதைத் தீக்கிண்ணம் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இறுகிய ஆகரை விடுவிப்பது எப்படி? காரணம் தெரிந்தால் வழி புரியும். பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள். பசை எதுவும் இல்லாமல், மரத்திலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகி அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. ஈரம் பட்டதும் அந்தப் பிடி விட்டுப்போய்ப் பெல்லட் உப்பி மாவாகும். குழாய்க்குள் உப்பியது காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஹாப்பரைக் காலி செய்யுங்கள். ஷியர் பின்னைக் கழற்றி மோட்டாரைத் தனியே எடுங்கள். ஆகர் தண்டைப் பிடித்திருக்கும் புஷ்ஷின் சிறு திருகையும் கழற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான், மறந்துவிட்டு ஆகர் வரவில்லை என்று மல்லுக்கட்டுவார்கள். பைப் ரென்ச்சால் தண்டைக் கவ்வி, வழக்கமாகச் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். முதலில் கால் சுற்று, பிறகு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி. அசையவில்லையென்றால் தீக்கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மரக்கட்டையை ஆகர் முனையில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்பால் நேரடியாகத் தட்டினால் முனை மழுங்கும். தண்ணீர் ஊற்றினால் இளகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இருக்கும் உப்பலோடு இன்னும் உப்பும். ஆகர் வெளியே வந்ததும் குழாயின் உட்சுவரைச் சுரண்டி, துடைத்து, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள்.

மீண்டும் பூட்டும்போது ஷியர் பின்னுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த கெட்டியான எஃகு போல்ட்டை மாட்டாதீர்கள். அந்தப் பின் மென்மையாக இருப்பதே, ஆகர் சிக்கும்போது தான் அறுந்து மோட்டாரைக் காப்பாற்றத்தான். உதிரியாக இரண்டு வாங்கி ஹாப்பர் தகட்டுக்குள் டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.

பெல்லட் விழுகிறது, தீ பிடிக்கவில்லை

கிண்ணத்தில் சாம்பல் மேடு கட்டியிருந்தால் இக்னைட்டரின் முனை அதில் புதைந்துவிடும். சாம்பல் நல்ல வெப்பத் தடுப்பு, சூடு பெல்லட்டுக்குப் போய்ச் சேராது. இந்த நிலையில் இருக்கும் கிரில்களில் பெரும்பங்கு சாம்பலை அள்ளியதுமே பற்றிக்கொள்ளும். இக்னைட்டர் முனை கிண்ணத்துக்குள் ஏறக்குறைய அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிடித் திருகு தளர்ந்து பின்னால் நழுவியிருந்தால் முன்னே தள்ளி இறுக்குங்கள்.

அப்படியும் சிவக்கவில்லையென்றால் மல்டிமீட்டர். இக்னைட்டரின் இரு வயருக்கிடையே ஓம் அளவிடுங்கள். கணக்கு எளிது: மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய ஓம் வரும். 230 வோல்ட், 200 வாட் என்றால் சுமார் 265 ஓம். 120 வோல்ட்டில் அதே 200 வாட் என்றால் 72 ஓம். மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் உள்கம்பி அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தும் சிவக்கவில்லையென்றால் அதற்கு மின்சாரம் போகவில்லை.

நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் இதே அறிகுறியைக் கொடுக்கும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் இக்னைட்டரின் சூடு கிட்டத்தட்ட பத்தொன்பது சதவீதம் குறையும். ஃபேன் ஓடும், திரை எரியும், தீ மட்டும் பிடிக்காது. கிரில்லை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இக்னைட்டர் செத்த அன்று சமைத்தே ஆக வேண்டுமென்றால், காலியான கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட் போட்டு, தீமூட்டும் ஜெல் சிறிது வைத்துப் பற்றவைத்து, நன்றாக எரிந்ததும் தகடு, தட்டு, வலையை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் கிட்டேயே வரக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் கிரில்லில் ஜெல் ஊற்றுவதும் கூடாது.

மூச்சு முட்டும் வெள்ளைப் புகை, சில நேரம் 'டமார்'

ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை இயல்பு. கால் மணி நேரமாகியும் மஞ்சள் கலந்த அடர்ந்த புகை நிற்கவில்லையென்றால், பெல்லட் எரியாமல் புகைந்துகொண்டிருக்கிறது. புகை என்று நாம் பார்ப்பது எரிய வேண்டிய ஆவி. அது பெட்டிக்குள் நிறைந்து, திடீரென்று ஒரு சுடர் கிடைத்தால் ஒரே நொடியில் பற்றி மூடியைத் தூக்கிப் போடும். எனவே அடர்ந்த புகை வரும்போது மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, மூடியபடி விட்டு, முழுக்க ஆறியபின் கிண்ணத்தைப் பாருங்கள். கிண்ணம் வழியப் பெல்லட் குவிந்திருக்கும்.

ஏன் குவிந்தது? முதல் முயற்சியில் தீ பிடிக்காமல் போக, கிண்ணத்தை அள்ளாமலே இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஸ்டார்ட் செய்ததுதான் வழக்கமான கதை. ஒவ்வொரு முயற்சிக்கும் ஆகர் ஒரு பங்கு பெல்லட்டைக் கொட்டும். விதி ஒன்றே ஒன்று: தீ பிடிக்காத ஒவ்வொரு முறைக்கும் பிறகு கிண்ணத்தைக் காலி செய்யாமல் மறுபடி சுவிட்சைத் தொடாதீர்கள்.

கிண்ணம் குவியாமலே புகைந்தால் காற்றுப் பற்றாக்குறை. ஃபேன் இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும், அல்லது ஹாப்பருக்கு அடியில் உள்ள காற்று நுழைவாயிலில் குளவியோ சிலந்தியோ கூடு கட்டியிருக்கும். கிண்ணத்தின் சிறு துளைகளையும் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். புகைபோக்கியின் தொப்பி ரொம்பக் கீழே இறங்கியிருந்தாலும் காற்று வெளியேறாது. இரண்டு விரல் அகலமாவது இடைவெளி விடுங்கள்.

எரிந்துகொண்டிருந்தது நடுவில் அணைந்துவிட்டது

திரையில் எல்-இ-ஆர் என்ற எழுத்துகள் வந்தால் பல வகைகளில் அதற்குப் பொருள் வெப்பம் கீழ்வரம்புக்குக் கீழே சில நிமிடங்களாக நிற்கிறது என்பது. ஹாப்பர் காலியா, பொந்து விழுந்ததா என்று முதலில் பாருங்கள். குறைந்த வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ பெல்லட் போகும். உச்ச வெப்பத்தில் இரண்டு கிலோவரைகூட இழுக்கும். இரவு முழுக்கச் சமைக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே தூங்கப் போங்கள்.

ஹாப்பரில் பெல்லட் இருந்தும் அணைந்தால், பெரும்பாலும் மிகக் குறைந்த வெப்ப அமைப்பும் காற்றும் சேர்ந்த வேலை. 70, 80 டிகிரி செல்சியஸில் கிண்ணத்தில் இருப்பது விரல்கடை தணல்தான். இரண்டு தீனிக்கு நடுவில் அது செத்துப்போகலாம். பலமான காற்று புகைபோக்கி வழியே திருப்பி ஊதினாலும் அணையும். கிரில்லைத் திருப்பி, காற்று முதுகில் படும்படி நிறுத்துங்கள்.

பழைய வகைக் கன்ட்ரோலர்களில் பி என்ற ஓர் அமைப்பு உண்டு. புகை நிலையில் ஆகர் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். பரவலாக உள்ள ஒரு கணக்குப்படி ஆகர் 15 விநாடி ஓடி, பி-2 இல் 65 விநாடி நிற்கும். எண் ஒன்று கூடக்கூட ஓய்வு 10 விநாடி கூடும். குளிரில் அடிக்கடி அணைந்தால் எண்ணைக் குறையுங்கள், வெயிலில் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் கூட்டுங்கள். எண் பெரிதானால் புகை நிறைய வரும் என்று ஆசைப்பட்டு பி-5 க்குப் போகிறவர்கள்தான் பாதியில் அணைந்த கிரில்லோடு நிற்பார்கள்.

உணவைப் பொறுத்தவரை: எப்போது அணைந்தது என்றே தெரியவில்லை, இறைச்சியின் உள்வெப்பமும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் தூக்கி எறியுங்கள். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், அது விட்டுச்சென்ற நஞ்சு எல்லாம் சூட்டில் போய்விடாது.

வெப்பம் ஊஞ்சல் ஆடுகிறது

நேரம் வைத்து ஆகரை ஓட்டும் பழைய கன்ட்ரோலரில் பத்துப் பதினைந்து டிகிரி மேலும் கீழும் போவது அதன் பிறவிக் குணம். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். சராசரி சரியாக இருந்தால் இறைச்சிக்கு அந்த ஆட்டம் தெரியவே தெரியாது.

முப்பது டிகிரி ஆடினால்தான் பார்க்க வேண்டும். சென்சாரின் மேல் புகைக்கரியும் கொழுப்பும் போர்வை மாதிரி படிந்தால் அது வெப்பத்தைத் தாமதமாக உணரும். கன்ட்ரோலர் அதிகமாகத் தீனி போட்டுவிட்டுப் பிறகு அடக்கப் பார்க்கும். மெல்லிய துணியை வெந்நீரில் நனைத்துத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். ஆர்.டி.டி. (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும்) வகைச் சென்சார் என்றால் வயரைக் கழற்றி ஓம் அளவிடலாம். நூறு ஓம் வகை 25 டிகிரியில் சுமார் 110 ஓம் காட்டும், கொதிக்கும் தண்ணீரில் உலோக முனையை மட்டும் நனைத்தால் 138 பக்கம் வரும். ஆயிரம் ஓம் வகை என்றால் இவற்றின் பத்து மடங்கு. இந்த அளவுகளிலிருந்து ரொம்ப விலகினால் சென்சார் போய்விட்டது.

அடிக்கடி மூடியைத் திறப்பதும் ஊஞ்சலைத் தள்ளிவிடுவதுதான். திறந்ததும் சென்சார் குளிர்ந்துவிடும், கன்ட்ரோலர் பதறிப்போய்ப் பெல்லட்டைக் கொட்டும், மூடியதும் இருபது முப்பது டிகிரி கூடுதலாக ஏறும். சும்மா எட்டிப் பார்ப்பதற்கு இது ரொம்ப அதிக விலை.

திரையில் 107, வலையின் மேல் வைத்த தெர்மாமீட்டரில் 120 என்றால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சென்சார் சுவரோரம் இருக்கிறது, தெர்மாமீட்டர் தகட்டின் விளிம்பருகில் இருக்கிறது. தகட்டைச் சுற்றித்தான் சூடு மேலேறும் என்பதால் ஓரங்கள் அதிகம் காயும். ஒரு முறை வலை முழுக்க மலிவான ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 175 டிகிரியில் சில நிமிடம் விட்டு எடுங்கள். எங்கே கருகியிருக்கிறதோ அதுவே உங்கள் கிரில்லின் வரைபடம். தகடு சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் கருகும்.

உச்ச வெப்பத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது

பெல்லட்டைச் சோதியுங்கள். இரண்டாக ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், மேற்பரப்பு பளபளக்க வேண்டும். வளைந்து, பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் பட்டது. அதை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதற்கே போகும். பையின் அடியில் உள்ள தூளையும் கொட்டாதீர்கள். மூன்று மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்துப் போட்டால் ஆகர் சீராகத் தள்ளும். வீடு சூடாக்கும் அடுப்புக்கான பெல்லட் மலிவாகக் கிடைத்தாலும் சமைக்க வாங்கக் கூடாது. எந்த மரம், என்ன கலந்தது என்று உத்தரவாதம் இல்லை.

பெல்லட் நல்லதாக இருந்தால் மூடியின் ஓரக் கசிவு, குளிர்காற்று, சாம்பல். இந்த வரிசையில் பாருங்கள்.

வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது

நீங்கள் எதையும் மாற்றாமல் வெப்பம் விறுவிறுவென்று ஏறினால், பெல்லட்டோடு கொழுப்பும் எரிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், ஃபேன் நின்றால்தான் தீக்குக் காற்று போகாது. தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் கொழுப்பு தெறித்து விரியும். உலர்தூள் அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

தட்டில் கொழுப்பு தேங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சாய்வு. கிரில் நிற்கும் தரை ஒரு பக்கம் சரிந்தால் கொழுப்பு வாளிக்குப் போகாமல் நடுவில் நிற்கும். வடிகுழாயை ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் ஒரு கட்டையால் குத்திவிடுங்கள். தட்டின் மேல் போடும் அலுமினியத் தாளை வடிவாய்க்குக் குறுக்கே போட்டு மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஹாப்பரிலிருந்து புகை வருகிறது

தீ ஆகர் குழாய் வழியே பின்னோக்கி நடந்து வருகிறது. மின்சாரம் போனபோதோ, அணைக்கும் சுற்று முடியும் முன் பிளக்கைப் பிடுங்கியபோதோ நடப்பது இது. ஹாப்பர் மூடியைத் திறந்தால் புகைபோக்கிபோல் இழுத்துத் தீ மேலே வரும், அதனால் மூடியபடியே இருக்கட்டும். கன்ட்ரோலர் வேலை செய்தால் வெப்பத்தை உச்சத்தில் வையுங்கள். ஆகர் வேகமாக ஓடி எரியும் பெல்லட்டைக் கிண்ணத்துக்கே தள்ளிவிடும். ஹாப்பரில் சுடர் தெரிந்தால் இந்த உத்தியெல்லாம் வேண்டாம்: மின்சாரத்தைத் துண்டித்து, தீயணைப்பானை எடுங்கள்.

தினமும் அணைக்கும்போது அணைக்கும் சுற்றை முழுதாக ஓடவிடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியது எரிந்து தீர ஃபேனுக்குப் பத்து நிமிடமாவது வேண்டும்.

தீ நன்றாக எரிகிறது, சாப்பாடுதான் சரியில்லை

புகை மணமே இல்லை: பெல்லட் கிரில் நன்றாக எரிந்தால் புகை குறைவாகத்தான் வரும், அது அதன் நற்குணத்தின் பக்கவிளைவு. வெப்பம் குறையக் குறையப் புகை கூடும். இறைச்சியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து நேராக வைத்து, முதல் இரண்டு மணி நேரம் 80 முதல் 95 டிகிரியில் விடுங்கள். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். போதவில்லையென்றால் துளையிட்ட புகைக்குழல் ஒன்றில் பெல்லட் நிரப்பி, முனையைப் பற்றவைத்து ஐந்து நிமிடம் எரியவிட்டு ஊதி அணைத்து வலை மேல் வையுங்கள். ஒரு அடிக் குழல் சில மணி நேரம் புகையும். பையின் மேல் எழுதியிருக்கும் மரத்தின் பெயரை மட்டும் நம்பி மணம் எதிர்பார்க்காதீர்கள். பல பைகளில் பெரும்பங்கு ஓக் போன்ற அடிப்படை மரம், பெயருக்குரிய மரம் கொஞ்சம்தான்.

கசப்பு, நாக்கில் மரத்துப்போகும் சுவை: அடர்ந்த வெள்ளைப் புகையில் வெந்திருக்கிறது. சுடர் பிடித்து, புகை மெலிந்து நீலம் தட்டியபிறகே இறைச்சியை உள்ளே வையுங்கள்.

கோழித்தோல் ரப்பர்: 107 டிகிரியில் தோல் மொறுமொறுப்பாகாது. 190, 200 டிகிரியில் சமையுங்கள், அல்லது கடைசி இருபது நிமிடம் அங்கே ஏற்றுங்கள். எப்படியானாலும் தடித்த பகுதியின் உள்ளே 74 டிகிரி வர வேண்டும்.

பெரிய இறைச்சித் துண்டு 70 டிகிரியில் மணிக்கணக்காக நிற்கிறது: கோளாறே இல்லை. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் வரும் சூட்டையெல்லாம் தின்றுகொண்டிருக்கிறது, நமக்கு வியர்ப்பது மாதிரி. பொறுத்திருங்கள், அல்லது தாளில் சுற்றிவிடுங்கள். சுற்றினால் மேல்தோல் கொஞ்சம் மெத்தென்று ஆகும்.

இறைச்சி மேல் கருந்துகள்: மூடியின் உட்புறத்தில் செதில் செதிலாக உரிவது பெயின்ட் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கரிந்த கொழுப்பும் புகைப்பிசினும். ஆறியபின் மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள்.

எந்தத் தொல்லைக்கு எந்த மேம்பாடு

ஊஞ்சல் வெப்பத்துக்கு பிஐடி வகைக் கன்ட்ரோலர். சென்சார் சொல்வதை வைத்துத் தீனியை நொடிக்கு நொடி திருத்துவதால் சில டிகிரிக்குள் நிற்கும். வாங்கும் முன் உங்கள் சென்சார் நூறு ஓமா ஆயிரம் ஓமா, மோட்டார் ஏசியா டிசியா, இக்னைட்டர் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வெப்பத்தை அசையாமல் பிடிப்பதால் புகை இன்னும் குறையும். புகைப்பிரியர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

மூடி ஓரத்தில் புகை வழிந்தால் வெப்பம் தாங்கும் கேஸ்கெட் நாடா. ஒட்டும் இடத்தைக் கொழுப்பு நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் மூடியை மூடி ஒரு நாள் விடுங்கள். பிசுக்கின் மேல் ஒட்டிய நாடா முதல் சூட்டிலேயே தொங்கும்.

செராமிக் இக்னைட்டர் வேகமாகப் பற்றவைக்கும், ஆனால் எளிதில் விரிசல் விடும். கிண்ணத்தைச் சுரண்டும்போது கரண்டி பட்டாலே போதும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த கிண்ணத்துக்குத் துருவேறா எஃகுக் கிண்ணம் தாராளமாக வாங்கலாம். ஹாப்பரின் அடியில் காலி செய்யும் கதவு பொருத்துவது பகட்டில்லாத மேம்பாடு, ஆனால் பெல்லட்டை ஈரத்தில் விட்டு ஆகரைக் கழற்றும் வேலையை அதைப்போல மிச்சப்படுத்துவது வேறில்லை. வாரக்கணக்கில் சமைக்கப் போவதில்லையென்றால் ஹாப்பரைக் காலி செய்து பெல்லட்டை மூடி போட்ட வாளியில் வையுங்கள். பிறகு ஆகரைச் சில நிமிடம் ஓடவிட்டுக் குழாயில் மிஞ்சியதையும் கிண்ணத்தில் தள்ளி அள்ளிவிடுங்கள்.

சாம்பலை ஒவ்வொரு பத்துக் கிலோ பெல்லட்டுக்கும் ஒருமுறை உறிஞ்சி எடுங்கள், அதுவும் மறுநாள். கையில் சூடு தெரியாத சாம்பலுக்குள்ளும் தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரின் தாள் பைக்குள் போனால் காற்றுப் பட்டு அங்கேயே கனியும்.